ஃபெலோஷிப் விண்ணப்பம்: பணம் தருபவர் என்ன தேடுகிறார்?

பொறியியலில் எம்.எஸ்., பிஎச்.டி. படிக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது "என் மார்க்குக்கு ஃபெலோஷிப் கிடைக்குமா?" என்பதைத்தான். நான் விண்ணப்பித்து, பெற்று, அப்புறம் ஜூனியர்கள் பலருடைய வரைவுகளைப் படித்துத் திருத்தியும் கொடுத்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: அந்தக் கேள்வியை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் கேள்வி, இந்தப் பணத்தை யார், எதற்காகத் தருகிறார்கள் என்பது. மார்க் உங்களைக் கடைசிக் கட்டப் பட்டியலுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆனால் அந்தப் பட்டியலில் இருக்கும் எல்லோரிடமும் நல்ல மார்க் இருக்கும்.

ஒவ்வொரு ஃபெலோஷிப்புக்கும் ஒரு நோக்கம் உண்டு. அமெரிக்காவில் 1952-இல் தொடங்கிய என்எஸ்எஃப் (தேசிய அறிவியல் அறக்கட்டளை) ஃபெலோஷிப் இரண்டு அளவுகோல்களை வைத்திருக்கிறது. ஒன்று ஆய்வின் அறிவுத் தகுதி, மற்றொன்று அதனால் சமூகத்துக்கு விளையும் பயன். பிரிட்டனின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் படிக்கத் தரப்படும் கேட்ஸ் கேம்பிரிட்ஜ் உதவித்தொகை, படிப்புத் திறமையோடு, ஏன் இந்தப் பாடம், பிறர் வாழ்க்கையை மேம்படுத்துவதில் உண்மையான ஈடுபாடு உண்டா, தலைமைப் பண்பு இருக்கிறதா என்றும் பார்க்கிறது. அமெரிக்காவின் ஹெர்ட்ஸ் ஃபெலோஷிப் பிஎச்.டி.க்கு ஐந்து ஆண்டுகள் வரை ஆதரவு தரும். அதன் நேர்முகத்தில் அடிப்படைகளைத் தோண்டித் தோண்டிக் கேட்பார்கள். பிரிட்டிஷ் அரசின் உதவித்தொகையான செவ்னிங் நாளைய தலைவர்களைத் தேடுகிறது. ஒரே ஆள், ஒரே ப்ராஜெக்ட்தான் என்றாலும் இந்த நான்கு இடங்களுக்கும் ஒரே கட்டுரையை அனுப்ப முடியாது. பெயரை மட்டும் மாற்றி அனுப்பிய விண்ணப்பம் படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

எழுத உட்காருவதற்கு முன் தகுதி விதிகளை முழுதாகப் படியுங்கள். என்எஸ்எஃப், ஹெர்ட்ஸ் இரண்டும் அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்தான். ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டஸ் முதுகலைத் திட்டங்களும் ஸ்டான்ஃபோர்டின் நைட்-ஹென்னஸியும் எந்த நாட்டவருக்கும் திறந்தவை. எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகை மாதம் 1,400 யூரோ, அதிகபட்சம் 24 மாதங்கள். படிப்புக் கட்டணமும் இல்லை. செவ்னிங் ஓராண்டு முதுகலைக்கு மட்டுமே. இரண்டு ஆண்டு வேலை அனுபவம் வேண்டும், படிப்பு முடிந்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பி இரண்டு ஆண்டுகளாவது இருக்க வேண்டும். அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் உதவித்தொகையிலும் இப்படிச் சொந்த நாட்டில் இரண்டு ஆண்டு இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. இந்த நிபந்தனைகளைப் பற்றி வீட்டில் முன்பே பேசி முடிவெடுங்கள். கிடைத்த பிறகு யோசிப்பது யாருக்கும் நல்லதல்ல.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் பொறியியல் பிஎச்.டி. படிப்பவர்களில் பெரும்பாலோருக்கு ஆராய்ச்சி உதவியாளர் அல்லது கற்பித்தல் உதவியாளர் பணி வழியாகச் சம்பளமும் கட்டணமும் கிடைத்துவிடும். அதனால் ஃபெலோஷிப் கிடைக்காவிட்டால் படிப்பே போச்சு என்று பயப்பட வேண்டாம். அதன் உண்மையான மதிப்பு சுதந்திரத்தில் இருக்கிறது. உங்கள் பணத்தை நீங்களே கொண்டுவரும்போது, எந்தப் பேராசிரியரிடம் எந்தக் கேள்வியை ஆராய்வது என்பதில் உங்கள் குரலுக்கு எடை கூடும். எம்.எஸ். மட்டும் படிக்கப் போகிறவர்களின் நிலைமை வேறு. அங்கே நிதி உதவி குறைவு, ஆகவே தேடலை இன்னும் முன்னதாகத் தொடங்க வேண்டும். பல ஃபெலோஷிப்களின் கெடு அக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் வந்துவிடுகிறது. வகுப்பு தொடங்குவதோ அடுத்த ஆண்டின் பிற்பகுதியில்.

சரி, ஆராய்ச்சித் திட்டத்துக்கு வருவோம். நான் பார்த்தவரை அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். என்எஸ்எஃப் தருவது இரண்டே பக்கம். படிப்பவர் உங்கள் உட்பிரிவுக்காரராக இல்லாமல் பக்கத்துத் துறைக்காரராக இருக்கலாம். கையில் அடுத்தடுத்து விண்ணப்பங்கள் காத்திருக்கும்.

"ஆற்றல் சேமிப்பில் எனக்கு ஆழ்ந்த ஆர்வம் உண்டு, பேட்டரிகளின் செயல்திறனை மேம்படுத்த விரும்புகிறேன்" என்று ஒரு வரைவு தொடங்கும். இதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். அதே மாணவரிடம் அரை மணி நேரம் பேசினால் விஷயம் வெளியே வரும். லித்தியம் அயனி பேட்டரியை வேகமாக சார்ஜ் செய்யும்போது, குறிப்பாகக் குளிரில், கிராஃபைட் ஆனோடுக்குள் (பேட்டரியின் எதிர்முனை) நுழைய வேண்டிய லித்தியம் அதன் மேலேயே உலோகமாகப் படிந்துவிடுகிறது. அதனால் கொள்ளளவு குறையும், ஷார்ட் சர்க்யூட் ஆபத்தும் வரும். சார்ஜ் நின்ற பிறகு மின்னழுத்தம் இறங்கும் விதத்தை வைத்தே, பேட்டரியைப் பிரிக்காமல் இந்தப் படிவைக் கண்டுபிடிக்க முடியுமா? அவருடைய உண்மையான கேள்வி இதுதான். இது முதல் பத்தியிலேயே வந்துவிட வேண்டும்.

அடுத்து, எப்படிச் செய்வீர்கள் என்பதை எழுதுங்கள். எந்த வகை செல், என்னென்ன வெப்பநிலைகள், கணிப்பு சரியா என்பதைச் செல்லைப் பிரித்து நுண்ணோக்கியில் எப்படி உறுதிசெய்வீர்கள் என்ற அளவுக்குத் தெளிவு வேண்டும். மின்னழுத்தத்தில் தெரியும் அறிகுறி மிக மெலிதாக இருந்து பிடிபடாவிட்டால் மாற்றுவழி என்ன? இந்த ஒரு வரி பல விண்ணப்பங்களில் இருப்பதே இல்லை. அது இருந்தால், ஆராய்ச்சி என்றால் என்னவென்று தெரிந்த ஆள் என்று படிப்பவருக்குப் புரியும். எழுதியதை அப்படியே கடைசிவரை செய்தாக வேண்டும் என்ற கட்டாயம் பெரும்பாலும் இல்லை. ஒரு சிக்கலை எப்படி அணுகுகிறீர்கள் என்றுதான் பார்க்கிறார்கள்.

சமூகப் பயன் பகுதியில் "நாட்டுக்கும் உலகுக்கும் நன்மை பயக்கும்" என்று எழுதி முடித்துவிடாதீர்கள். இந்த முறையை யார் பயன்படுத்துவார்கள், தரவையும் நிரலையும் பொதுவில் வெளியிடுவீர்களா, பள்ளி மாணவர்களுக்கு ஏற்கெனவே ஏதாவது சொல்லிக்கொடுத்திருக்கிறீர்களா என்பதை எழுதுங்கள். செய்த சின்ன வேலைக்கு, செய்யப்போகும் பெரிய வேலையை விட மதிப்பு அதிகம். இன்னொன்று, என்எஸ்எஃப் கட்டுரைகளில் அந்த இரண்டு அளவுகோல்களும் தனித்தனித் தலைப்புகளாக இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் விண்ணப்பம் மதிப்பீட்டுக்கே போகாமல் திரும்பிவிடும். எழுத்தின் அளவு, பக்க ஓரம், பக்க எண்ணிக்கை ஆகியவற்றிலும் இதே கண்டிப்பு உண்டு.

பரிந்துரைக் கடிதங்கள்தான் என்னைக் கேட்டால் பாதி வெற்றி. "ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி, வகுப்பில் முதலிடம்" என்ற கடிதம் யாரையும் எங்கும் கொண்டுபோகாது. உங்களோடு ஆய்வகத்தில் நின்ற இளம் பேராசிரியர், "முடிவு ஒத்துவராதபோது சென்சாரின் அளவுத்திருத்தத்தைத் தானே சரிபார்த்துப் பிழையைக் கண்டுபிடித்தார்" என்று எழுதினால், பெயர்பெற்ற ஒரு துறைத்தலைவரின் பொதுவான கடிதத்தைவிட அது பல மடங்கு பேசும். மூன்று கடிதம் வேண்டுமென்றால் ஒன்று ஆராய்ச்சியைப் பற்றி, ஒன்று வகுப்பு அல்லது டிசைன் ப்ராஜெக்ட் பற்றி, ஒன்று வேலை அல்லது இன்டர்ன்ஷிப் பற்றி இருக்கும்படி ஆட்களைத் தேர்ந்தெடுங்கள்.

கெடுவுக்கு ஆறு வாரம் முன்பாவது கேளுங்கள். "எனக்காக வலுவான கடிதம் எழுத முடியுமா, சார்?" என்றே கேட்கலாம். பதிலில் தயக்கம் தெரிந்தால் நன்றி சொல்லிவிட்டு வேறொருவரைப் பாருங்கள். ஒப்புக்கொண்டவருக்கு உங்கள் கட்டுரை வரைவு, சுயவிவரம், அந்த ஃபெலோஷிப்பின் அளவுகோல்கள், அவரிடம் நீங்கள் செய்த வேலைகளை நினைவுபடுத்தும் ஒரு பக்கக் குறிப்பு எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். "நீயே எழுதிக் கொண்டுவா, கையெழுத்துப் போடுகிறேன்" என்பவர்களும் உண்டு. அவர்களிடமும் இந்தக் குறிப்பையே கொடுத்து, அவர் சொற்களில் எழுதித் தரும்படி பணிவாகக் கேளுங்கள். அப்படி எழுதிக்கொள்வது நேர்மையில்லை என்பது ஒரு பக்கம். மூன்று கடிதங்களும் ஒரே குரலில் பேசினால் மதிப்பீட்டாளருக்குச் சந்தேகம் வரும் என்பது இன்னொரு பக்கம்.

தனிப்பட்ட கட்டுரையில் சிறுவயதில் ரேடியோவைப் பிரித்துப் பார்த்த கதையைத் தவிர்த்துவிடலாம். நிறையப் பேர் அதைத்தான் எழுதுகிறார்கள். ஒரு முடிவை ஏன் எடுத்தீர்கள், அதன்பின் என்ன செய்தீர்கள் என்பது போதும்.

நேர்முகத்துக்குத் தயாராகும்போது உங்கள் திட்டத்தைத் துறைக்கு வெளியே இருக்கும் நண்பரிடம் ஐந்து நிமிடத்தில் விளக்கிப் பாருங்கள். தெரியாத கேள்வி வந்தால் ஊகத்தை உண்மைபோலச் சொல்லாமல், எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று உரக்க யோசியுங்கள்.

முடிவு சாதகமாக வராவிட்டால் மதிப்பீட்டாளர் குறிப்புகள் கிடைக்குமா என்று பாருங்கள். என்எஸ்எஃப் அவற்றை விண்ணப்பதாரருக்குத் தருகிறது. அடுத்த விண்ணப்பத்துக்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது. ஆனால் முதுகலைக்குள் நுழைந்த பிறகு என்எஸ்எஃபுக்கு ஒரே ஒரு முறைதான் விண்ணப்பிக்கலாம் என்பதால் எப்போது போடுவது என்பதை யோசித்து முடிவெடுங்கள். கிடைத்துவிட்டால், இன்னொரு உதவித்தொகையையும் சேர்த்துப் பெறலாமா, தள்ளிவைக்க முடியுமா என்பதைக் கையெழுத்துப் போடும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கடிதம் எழுதித் தந்தவர்களுக்கு முடிவு எதுவானாலும் அன்றைக்கே தெரிவித்துவிடுங்கள்.