மூன்று பேர் தண்ணீர் ஊற்றிய கறிவேப்பிலை

செப்டெம்பர் முடிவில் ஒரு நாள், இரவுக் குளிர் 8 பாகைக்கு இறங்கும் என்று வானொலியில் சொன்னார்கள். அன்று மாலை கனடாவின் ஸ்காபரோவில் தமிழர் வீடுகளின் பின்வளவுகளில் ஒரே காட்சிதான். யாராவது ஒருவர் கறிவேப்பிலைச் சாடியைக் கட்டிப்பிடித்தபடி மூச்சு வாங்க உள்ளே வந்துகொண்டிருப்பார். எங்கள் வீட்டில் அது நான். மரம் என் தோளுயரம். கதவில் நுழையும்போது ஒரு கொப்பு என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டது.

கல்வாழைக்கு இந்த உபசாரம் தேவையில்லை. உறைபனியில் இலை கருகியதும் கிழங்கைத் தோண்டி, காய்ந்த சருகோடு அட்டைப்பெட்டியில் போட்டு நிலவறையின் குளிர்ந்த மூலையில் வைத்தால் மே மாதம் வரை வாய் திறக்காது. கறிவேப்பிலைக்கோ தெற்குப் பார்த்த ஜன்னல் வேண்டும். அந்த ஜன்னலடியில் இருந்தது மாமியின் சாய்மனைக் கதிரை. கதிரையை நகர்த்தினேன். மாமி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நவம்பரில் இலைகள் மஞ்சளாகி உதிரத் தொடங்கின. பகல் சுருங்கி 9 மணி நேரத்துக்கு வந்துகொண்டிருந்தது. ஹீட்டரோ வீட்டை அப்பளம் போலக் காயவைத்தது. எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: தாகம். காலையில் வேலைக்குப் போகுமுன் ஒரு செம்பு ஊற்றினேன். மனைவி மதியம் ஒரு செம்பு ஊற்றியிருக்கிறாள். மாமி இரவில் அரிசி கழுவிய தண்ணீர். ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாது. இலை உதிர உதிர மூவரும் அளவைக் கூட்டினோம்.

சாடி மண்ணிலிருந்து சின்னஞ்சிறு கருப்புப் பூச்சிகள் கிளம்பி, அதில் ஒன்று மாமியின் தேநீரில் விழுந்தபோதுதான் விசாரணை நடந்தது. சாடியின் அடித்தட்டில் குளம் கட்டி நின்றது. மூவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டோம்.

பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்தார். “தம்பி, குளிர்காலத்தில் அது நித்திரை கொள்ளும். நித்திரை கொள்ளும் பிள்ளையை எழுப்பி எழுப்பிச் சாப்பாடு தீத்துவீர்களா?”

“தீத்தியிருக்கிறேனே” என்றார் மாமி, தன் மகளைப் பார்த்தபடி.

விரலை மண்ணுக்குள் விட்டு, இரண்டு அங்குலம் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் என்று அக்கா சட்டம் போட்டார். உயிர் இருக்கிறதா என்று அறிய, பட்டையை நகத்தால் மெல்லக் கீறிப் பார்க்கச் சொன்னார். கீறினேன். உள்ளே பச்சை. அந்த நிம்மதி எல்லோருக்கும் தினமும் தேவைப்பட்டது போலும், சனவரியில் வந்த விருந்தாளி ஒருவர் உடம்பெல்லாம் நகக்கீறலோடு வெறும் தடியாக நின்ற மரத்தைப் பார்த்து, “பூனை வளர்க்கிறீர்களா?” என்று கேட்டார்.

மார்ச்சில் ஒரு கணுவில் இளம்பச்சையாக ஒரு முளை. இரண்டு வாரத்தில் அது நாலு ஈர்க்கு இலையானது. நான் தினமும் படம் எடுத்தேன். ஒரு சனிக்கிழமை காலை, குசினியிலிருந்து சொதி வாசம் வந்தது. கடையில் வாங்கிக் குளிர்சாதனப் பெட்டியில் கிடக்கும் இலைக்கு அந்த வாசம் வராது. ஓடிப்போய்ப் பார்த்தேன். முளையின் தலையைக் காணவில்லை.

“நுனியைக் கிள்ளினால்தான் தம்பி கிளைக்கும்” என்றார் மாமி, அகப்பையைக் கீழே வைக்காமல்.

அக்காவுக்குத் தொலைபேசி எடுத்து நியாயம் கேட்டேன். மாமி சொன்னது சரியாம். வேறு வழியின்றி இடியப்பத்துக்கு இரண்டாம் முறை சொதி விட்டுக்கொண்டேன்.

மே மாதம் விக்டோரியா நாள் விடுமுறையில் சாடியை வெளியே எடுத்து, வெயில் சுடாதபடி ஒரு வாரம் நிழலில் வைத்தேன். கிள்ளிய இடத்தில் இரண்டு கொப்பு. திரும்பி வீட்டுக்குள் வந்தால், சாய்மனைக் கதிரை பழைய இடத்தில் இருந்தது. மாமி அதில் இருந்தார். அடுத்த செப்டெம்பருக்கு இப்போதே சமையலறை ஜன்னலை அளந்து வைத்திருக்கிறேன்.