கவுன்டர் சீட்டில் ஒரு காச்சோ எ பெப்பே

மேசை கிடைக்கவில்லை. அதனால்தான் இந்தப் பதிவே எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு, ஊரே வெளியில் சாப்பிடக் கிளம்பும் நேரத்தில், முன்பதிவு எதுவும் செய்யாமல் ஒரு இத்தாலியன் கடையில் போய் நின்றால் வேறு என்ன நடக்கும்? வாசலில் பெயர் எழுதிக்கொண்டிருந்த பெண் எங்கள் இருவரையும் ஒரு முறை பார்த்துவிட்டு, "கிச்சனை ஒட்டி கவுன்டர்ல ரெண்டு சீட் இருக்கு, கொஞ்சம் சூடா இருக்கும், பரவாயில்லையா?" என்றார். என் நண்பனுக்குச் சாய்மானம் இல்லாத ஸ்டூல் என்றாலே ஆகாது. எனக்கோ நல்ல பசி. அவன் யோசித்து முடிப்பதற்குள் நான் உட்கார்ந்துவிட்டேன்.

சின்ன இடம்தான், பத்துப் பன்னிரண்டு மேசை இருக்கும். போர்டில் டிராட்டோரியா என்று போட்டிருந்தது. இத்தாலியில் அந்தப் பெயருக்கு ஒரு அர்த்தம் உண்டு, ரிஸ்டொரான்டே அளவுக்குப் பந்தா இல்லாத, குடும்பமாக நடத்தும் சாப்பாட்டுக் கடை என்று. வெளியூரில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதி மாட்டிக்கொள்ளலாம் என்பதால் நான் போர்டைப் பார்ப்பதில்லை, மெனுவைத்தான் பார்ப்பேன். இங்கே ஒரே பக்கம். பாஸ்தா ஆறு, பீட்சா ஐந்து, அவ்வளவுதான். நாற்பது ஐட்டம் போட்ட மெனு என்றால் எனக்கு உடனே ஃப்ரிட்ஜில் டப்பா டப்பாவாக அடுக்கி வைத்த சாஸ்தான் கண்ணில் வரும்.

நண்பன் கார்பனாரா பாஸ்தா கேட்டான், கூடவே "கிரீம் கொஞ்சம் அதிகமா" என்றான். பரிமாறுபவர் சிரிக்காமல், "எங்க கார்பனாரால கிரீமே கிடையாது சார்" என்றார். முட்டை மஞ்சள் கரு, பெக்கொரினோ சீஸ், மிளகு, பன்றிக் கன்னத்தைப் பதப்படுத்திச் செய்யும் குவாஞ்சாலே, இவ்வளவுதான். வழவழப்பு முட்டையிலிருந்தும் சீஸிலிருந்தும் வர வேண்டியது. "கிரீம் இல்லாம எப்படிடா கார்பனாரா?" என்று என்னிடம் கிசுகிசுத்தான். நான் காச்சோ எ பெப்பே சொன்னதும் அவனுக்கு இன்னும் தாங்கவில்லை. காச்சோ என்றால் சீஸ், பெப்பே என்றால் மிளகு. "மெனுவுலயே கம்மியா விஷயம் இருக்கறது அதுதான், காசு குடுத்து அதையா வாங்குவ?"

கம்மியாக இருப்பதால்தான் வாங்குகிறேன். ரோம் நகரத்துப் பாஸ்தாக்களில் நான்கு ஒரே குடும்பம். சீஸும் மிளகும் மட்டும் போட்டால் காச்சோ எ பெப்பே, அதில் குவாஞ்சாலே சேர்த்தால் க்ரீச்சா, க்ரீச்சாவில் முட்டை சேர்ந்தால் கார்பனாரா, முட்டைக்குப் பதில் தக்காளி சேர்ந்தால் அமாத்ரிச்சானா. மற்ற மூன்றிலும் ஏதாவது பிசகினால் குவாஞ்சாலேயின் கொழுப்பு வந்து காப்பாற்றிவிடும். முதலாவதில் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. அதனால் புதிதாக எந்த இத்தாலியன் கடைக்குப் போனாலும் முதல் தடவை அதைத்தான் கேட்பேன்.

கவுன்டர் சீட்டின் பலன் அப்போதுதான் தெரிந்தது. எங்களுக்கு நேர் எதிரே, கைக்கெட்டும் தூரத்தில், செஃப் ஒரு பெண். முழு மிளகை இடித்து வெறும் வாணலியில் போட்டு வாசனை வரும்வரை வறுத்தார், ஒரு கரண்டி பாஸ்தா வெந்த தண்ணீரை அதில் ஊற்றினார், சுர்ரென்று ஆவி எங்கள் முகத்துக்கே வந்தது, நண்பனுக்குத் தும்மல். பாஸ்தாவை முழுசாக வேகவிடாமல் இடுக்கியால் எடுத்து வாணலிக்கு மாற்றி அங்கேயே மீதியை வேகவைத்தார். அப்புறம் சீஸைப் போட்டுக் கிளறினார். கிளறியவர் சட்டென்று நின்றார். வாணலிக்குள் சாஸுக்குப் பதில் தண்ணீர் தனி, சீஸ் தனி. ரப்பர் மாதிரி உருண்டை உருண்டையாக இடுக்கியில் ஒட்டிக்கொண்டு வந்தது. ஒரு நொடி பார்த்தார், எங்களையும் பார்த்தார், அப்படியே ஓரமாகத் தள்ளிவிட்டுப் புது வாணலியை அடுப்பில் வைத்தார். எனக்கு அந்தக் கடை பிடித்துப்போனது அந்த நொடியில்தான்.

இரண்டாம் முறை அடுப்பிலிருந்து இறக்கிக் கொஞ்சம் ஆறவிட்டார். சீஸை ஏற்கெனவே இளஞ்சூட்டுத் தண்ணீரில் குழைத்துப் பசையாக வைத்திருந்தார். அதைச் சேர்த்து, வாணலியைக் குலுக்கிக் குலுக்கி, இன்னும் அரைக் கரண்டி தண்ணீர் விட்டு, மறுபடி குலுக்கினார். சாஸ் பளபளவென்று பாஸ்தாவில் ஒட்டிக்கொண்டது. வெண்ணெய் இல்லை, கிரீம் இல்லை, எண்ணெய்கூட இல்லை.

விஷயம் இதுதான்: சூடு ஏறினால் சீஸில் உள்ள புரதம் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடும், பாஸ்தாவிலிருந்து தண்ணீரில் இறங்கிய மாவுச்சத்து அதைத் தடுக்கும். இது விளையாட்டான சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள், இத்தாலிய இயற்பியலாளர்கள் ஒரு குழுவாக உட்கார்ந்து இதை ஆராய்ந்து கட்டுரையே போட்டார்கள், 2025-ல் அதற்கு இக் நோபல் பரிசும் வாங்கினார்கள் (முதலில் சிரிக்கவைத்து அப்புறம் யோசிக்கவைக்கும் ஆராய்ச்சிகளுக்குக் கொடுப்பது அது). சீஸின் எடையில் 2 முதல் 3 சதவீதம் மாவுச்சத்து இருந்தால் சாஸ் திரியாது, 1 சதவீதத்துக்குக் கீழே போனால் உருண்டைதான் என்பது அவர்கள் கணக்கு.

தட்டு வந்தது. பாஸ்தா பல்லில் லேசாகத் தட்டுப்பட்டது, அல் டென்டே என்றால் இதுதான், உள்ளே மாவு வாசனை அடிக்கும் அரைவேக்காடு இல்லை. பெக்கொரினோ ஆட்டுப்பால் சீஸ், செம்மறி ஆடு, உப்பு தூக்கலாகவே இருக்கும். மிளகு காரம் பின்னாலேயே வந்து தொண்டையில் நின்றது. நண்பன் தன் தட்டை முடித்துவிட்டு என் தட்டிலும் இரண்டு முறை ஃபோர்க்கை விட்டான். கிரீம் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை.

குறை என்று சொன்னால் முதலில் வைத்த ஃபொக்காச்சா என்ற இத்தாலிய ரொட்டி, முந்தின நாள் ரொட்டியைச் சூடு பண்ணின மாதிரி விறைப்பாக இருந்தது. பசியில் அதையும் பாதிக்கு மேல் தின்றுவிட்டது என் தப்பு. கடைசியில் வந்த இனிப்பு, டிராமிசு, பரவாயில்லை, மேலே கொக்கோ பவுடரை அள்ளிக் கொட்டியிருந்தார்கள்.

கிளம்பும்போது செஃபிடம், வீட்டில் செய்தால் எனக்கு எப்போதும் உருண்டையாகிறதே என்று கேட்டேன். "எவ்ளோ தண்ணில வேக வைக்கிறீங்க?" என்றார். பெரிய பாத்திரம் நிறைய என்றேன். "எங்க தண்ணி சாயங்காலத்துலேருந்து பாஸ்தாவா வெந்துட்டு இருக்கு, கொழகொழன்னு இருக்கும். உங்களது வெறும் தண்ணி."

ஞாயிற்றுக்கிழமை அகலமான வாணலியில் பாஸ்தா மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டுச் செய்து பார்த்தேன். முக்கால்வாசி சாஸ், கால்வாசி உருண்டை. அடுப்பை அணைத்தபிறகு பொறுமையில்லாமல் சீஸைப் போட்டுவிட்டேன்.