காணாதே போதியோ

அதிகாலை மூன்றரைக்கு சாரின் மகள் போன் செய்தபோது நான் களி கிளறிக்கொண்டிருந்தேன். "அப்பா ரெண்டு மணிக்கே குளிச்சுட்டு நாற்காலியில வந்து உட்கார்ந்துட்டார், இனிமே நிறுத்த முடியாது, கிளம்பிட்டோம்" என்றார். நங்கநல்லூரிலிருந்து மயிலாப்பூர் வர அந்த நேரத்தில் அரை மணி கூட ஆகாது. களியை இறக்கித் தூக்கில் மாற்றி எடுத்துக்கொண்டு, மந்தைவெளியிலிருந்து ஓட்டமும் நடையுமாகப் போய்க் கபாலீஸ்வரர் கோயில் கிழக்குக் கோபுர வாசலில் நின்றேன்.

2025 ஜனவரி 13. ஆருத்ரா தரிசனமும் போகியும் அந்த வருஷம் ஒரே நாளில் வந்திருந்தது. தெருமுனைகளில் பழைய பாய் எரிகிற புகை, அதற்குள் பூக்கடை வாசனை, ஈரக் கோலம், எங்கேயோ ஒரு பஜனைக் கோஷ்டியின் ஜால்ரா. கார் வந்து நின்றதும் சார் முதலில் என்னைப் பார்க்கவில்லை, கோபுரத்தைத்தான் அண்ணாந்து பார்த்தார். அப்புறம்தான், "என்னம்மா, அபிஷேகம் ஆரம்பிச்சாச்சா?"

சாருக்கு வயது 90. நான் சீர்காழியில் மூன்றாம் வகுப்பு படித்தபோது எனக்கு வாத்தியார். பெயர் எழுதினால் அவருக்குப் பிடிக்காது, அதனால் சார் என்றே எழுதுகிறேன், எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு அவர் வெறும் சார்தான்.

அவர் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அப்பாவுக்கு வெற்றிலை பாக்குக் கடை. ஆறு வயதில் சாயங்காலப் பிரசாதத்துக்காகச் சட்டைநாதர் கோயிலுக்குப் போன பையன், புளியோதரை கொடுத்து முடிந்த பிறகும் ஓதுவார் பாடுவதைக் கேட்டுக்கொண்டு தூண் ஓரமாக உட்கார்ந்திருப்பானாம். ஒருநாள் ஓதுவார் கூப்பிட்டு ஒரு அடியைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அதிலிருந்து பன்னிரண்டு வருஷம், நோட்டு கிடையாது, கட்டணம் கிடையாது, காதால் வாங்கி வாயால் திருப்பிக் கொடுத்தது மட்டும்தான். சம்பந்தர் மூன்று வயதில் 'தோடுடைய செவியன்' பாடிய அதே பிரம்ம தீர்த்தக் கரையில் உட்கார்ந்து அதே பதிகத்தைக் கற்றுக்கொண்டவர். இதை அவர் பெருமையாகச் சொல்ல மாட்டார், கூச்சத்தோடுதான் சொல்வார்.

1954-இல் வேலையில் சேர்ந்து 1992-இல் ஓய்வு. 38 வருஷமும் ஆரம்பப் பள்ளிதான். கச்சேரி செய்தவர் இல்லை, மேடை ஏறியவர் இல்லை. ஓய்வுக்குப் பிறகும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளை உட்காரவைத்துத் தேவாரம் சொல்லிக் கொடுப்பார். ஒரு பழைய சுருதிப் பெட்டி, அதன் துருத்தியில் ஓட்டை விழுந்து சைக்கிள் டியூப் ஒட்டு போட்டிருக்கும். இருபது பிள்ளைகள் வந்த வாரமும் உண்டு, இரண்டே பேர் வந்த வாரமும் உண்டு, அந்த இரண்டு பேருக்கும் ஒரு மணி நேரம் முழுசாக நடக்கும்.

எங்களுக்கு அவர் தமிழ் மாதங்களைச் சொல்லிக் கொடுத்த விதம் வேறு எந்தப் பள்ளியிலும் நடந்திருக்காது. சித்திரை வைகாசி என்று வரிசையாக ஒப்பிக்க விட மாட்டார். சம்பந்தரின் பூம்பாவைப் பதிகத்தைப் பாடுவார். இரண்டாம் திருமுறை, 47-ஆவது பதிகம், சீகாமரப் பண், நாதநாமக்கிரியா ராகத்தில் பாடுவது வழக்கம். மயிலாப்பூரில் சிவநேசர் என்கிற வணிகரின் பெண் பூம்பாவை பாம்பு தீண்டி இறந்துபோகிறாள். சம்பந்தருக்கென்றே வளர்த்த பெண் என்பதால் சிவநேசர் அவளுடைய சாம்பலையும் எலும்பையும் குடத்தில் வைத்துக் காத்திருக்கிறார். சம்பந்தர் வந்து அந்தக் குடத்தைப் பார்த்துப் பாடுகிறார். எழுந்து வா என்று ஒரு இடத்தில்கூடச் சொல்லவில்லை. உங்கள் ஊரில் இத்தனை திருவிழா இருக்கிறதே, இதையெல்லாம் பார்க்காமலா போகிறாய் என்றுதான் பத்துப் பாட்டிலும் கேட்கிறார். ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று மாதம் மாதமாக வரும், ஒவ்வொன்றும் 'காணாதே போதியோ பூம்பாவாய்' என்று முடியும். நாங்கள் விரல் கணுவில் மாதங்களை எண்ணிக்கொண்டே அந்தக் கடைசி அடியை மட்டும் கத்திப் பாடுவோம். பொருள் அப்போது யாருக்குத் தெரியும்!

வகுப்புக்கு வராத பிள்ளையின் வீட்டுக்கும் இந்த அடியோடுதான் போவார். ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்திவிடலாம் என்று வீட்டில் முடிவானபோது, சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எங்கள் அப்பாவிடம் கேட்டார்: "ஆறாம் வகுப்பைக் காணாமலே போகணுமா இந்தக் கொழந்தை?" அப்பாவுக்குத் தேவாரம் தெரியாது. ஆனால் ஒரு வாத்தியார் வீடு தேடி வந்து இப்படிக் கேட்டதில் அவருக்கு என்னவோ ஆகிவிட்டது, அடுத்த வாரமே நடுநிலைப் பள்ளியில் என்னைச் சேர்த்துவிட்டார்.

இவ்வளவு வருஷம் மயிலாப்பூரைப் பாடியவர் மயிலாப்பூரைப் பார்த்ததில்லை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. சின்ன வயதில் ஒரே ஒருமுறை தமிழிசைச் சங்கத்தின் பண் ஆராய்ச்சிக் கூட்டம் கேட்க வந்திருக்கிறார். எழும்பூரில் இறங்கி ராஜா அண்ணாமலை மன்றம், ராத்திரியே திரும்ப ரயில், மறுநாள் பள்ளிக்கூடம். 2021-இல் அவர் மனைவி இறந்த பிறகுதான் மகள் நங்கநல்லூருக்கு அழைத்து வந்தார். கொஞ்ச நாளில் என் நம்பரை எப்படியோ பிடித்து சார் போன் செய்தார். "ஏம்மா, கபாலி கோயில் உன் வீட்டுக்குப் பக்கமாமே? ஒண்ணு ஒண்ணா எல்லாத்தையும் பார்த்துடணும்மா. நான் காணாதே போயிடக் கூடாது பாரு."

அப்படி ஆரம்பித்தது. 2022 கார்த்திகையில் விளக்கீடு பார்த்தோம். அடுத்த தைப்பூசத்தில் தெப்பம். தெற்கு மாட வீதியில் குளத்துப் படி ஓரமாக அவரை உட்காரவைத்திருந்தேன், தெப்பம் ஒவ்வொரு சுற்று வரும்போதும் எழுந்து நின்று கும்பிட்டார், உட்காருங்கள் என்றால் கேட்கவே இல்லை.

பங்குனியில் அறுபத்துமூவர். இதைப் பற்றி மட்டும் தனியாக எழுதலாம். விழாவின் எட்டாம் நாள் காலையில் சம்பந்தர் பூம்பாவையை எழுப்பிய நிகழ்ச்சி நடக்கும், மதியத்துக்கு மேல் அறுபத்துமூன்று நாயன்மாரும் வீதி வருவார்கள். அந்தக் கூட்டத்தில் 88 வயதுக்காரரை அழைத்துப் போனது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை, மூச்சு முட்டுகிற நெரிசல். ஒரு வீட்டு வாசல்படியில் இடம் கிடைத்தது. வீதி முழுக்க நீர்மோர், பானகம், சுண்டல், தொன்னையில் சாம்பார் சாதம், யார் யாரோ யார் யாருக்கோ கையைப் பிடித்து நிறுத்திக் கொடுக்கிறார்கள். சார் கையில் ஒரு பையன் மோர் டம்ளரைத் திணித்துவிட்டு ஓடினான். சார் அதைக் குடிக்காமல் கையில் வைத்தபடி என்னைப் பார்த்து, "முதல் பாட்டும்மா இது" என்றார். பிறகுதான் எனக்குப் புரிந்தது. பதிகத்தின் முதல் பாட்டு எந்த மாதத்துத் திருவிழாவும் இல்லை, 'உருத்திர பல்கணத்தார்க்கு அட்டிட்டல்', சிவனடியார்களுக்குச் சமைத்துப் பரிமாறுவது. 1300 வருஷத்துக்கும் முன்னால் சம்பந்தர் பார்த்துப் பாடியது இதோ வீதியில் நடந்துகொண்டிருக்கிறது, நாங்கள் அதைக் குடித்துக்கொண்டிருக்கிறோம். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

அந்த அறுபத்துமூவர் முடிந்து பத்துப் பதினைந்து நாள்கூட இருக்காது, 2023 ஏப்ரலில் சீர்காழிக் கோயிலில் கும்பாபிஷேக யாகசாலைக்காக மண் எடுத்தபோது பூமிக்குள்ளிருந்து ஐம்பொன் சிலைகளும் தேவாரம் பொறித்த 400-க்கும் மேற்பட்ட செப்பேடுகளும் கிடைத்தன. டிவியில் அந்தப் படங்களைக் காட்டினார்கள். சார் போன் செய்து வெகு நேரம் பேசவே இல்லை, மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம், "அதுக்கு மேலதாம்மா இத்தனை வருஷம் பாடிக்கிட்டிருந்திருக்கோம். நமக்குக் கீழ அவ்வளவும் இருந்திருக்கு" என்றார். மே மாதக் கும்பாபிஷேகத்துக்கு மகள் எவ்வளவு தடுத்தும் ஊருக்குப் போய் வந்தார்.

ஐப்பசி ஓணத்தன்று இருவரும் கோயிலுக்குப் போய், வாசலில் இருந்தவர்களுக்குத் தயிர்சாதப் பொட்டலம் கொடுத்தோம். அந்த மார்கழி ஆதிரைக்குப் போக முடியவில்லை. கீழே விழுந்து இடுப்பெலும்பில் அறுவை சிகிச்சை, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி ஆதிரைப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார் என்று மகள் சொன்னார். அதன் பிறகு சக்கர நாற்காலிதான்.

அதனால்தான் இந்த ஆதிரையில் அவருக்கு அவ்வளவு அவசரம்.

உள்ளே போவது சுலபமாக இல்லை. கூட்டம் நெருக்கியது, நாற்காலியை எங்கே ஏற்றி எங்கே இறக்குவது என்று தெரியாமல் நானும் அவர் மகளும் தடுமாறினோம். முன்பின் தெரியாத நான்கு இளைஞர்கள், தாத்தாவை விடுங்கள் என்று கேட்டு வழி பண்ணி, நாற்காலியோடு அலாக்காகத் தூக்கி உள்ளே வைத்தார்கள். நடராஜருக்கு அபிஷேகம் நடந்துகொண்டிருந்தது. எங்களுக்கு முன்னால் தலைகள், தலைகளுக்கு மேல் செல்போன்கள், இடுக்கில் எப்போதாவது பால் வழிகிற ஒரு கை, தூக்கிய திருவடி. நாற்காலியில் இருப்பவருக்கு அதுவும் தெரியாது. "சார், கொஞ்சம் முன்னால தள்ளட்டுமா?" என்றேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். கண்ணை மூடிக்கொண்டு உள்ளே ஓதுவது ஒவ்வொன்றையும் உதட்டால் தொடர்ந்துகொண்டிருந்தார். அலங்காரம் முடிந்து தீபாராதனை காட்டும்போது முன்னால் இருந்தவர்கள் எல்லாரும் தலை குனிந்து கும்பிட்டார்கள் பாருங்கள், அந்த ஒரு நொடி நேர்க்கோட்டில் நடராஜர் முழுசாகத் தெரிந்தார், சாரும் அப்போது கண்ணைத் திறந்திருந்தார். எனக்கு அது போதும்.

வெளியே வந்து பிராகாரத்தில் புன்னை மரத்தடிக்குப் போனோம். அம்பாள் மயில் உருவில் பூசை செய்த இடம், சின்னச் சந்நிதி, அங்கே அவ்வளவு நெரிசல் இல்லை. "சுருதி வை" என்றார். செல்போனில் தம்புரா ஆப் வைத்திருந்தேன். ஒரு காலத்தில் இரண்டு கட்டையில் கணீரென்று பாடியவர், இப்போது ஒன்றுக்கு இறக்கி, அதுவும் பிசிறு தட்டி, முதலில் வெறும் காற்றுதான் வந்தது. போகிப் புகை வேறு, இருமினார். மகள் வெந்நீர் கொடுத்தார். மறுபடி ஆரம்பித்தார்.

'ஊர்திரை வேலை உலாவும் உயர்மயிலை...'

ஊர்ந்து வரும் அலைகளையுடைய கடல் உலாவுகிற மயிலை. பழைய கோயில் கடலோரத்தில் இருந்தது என்று சொல்வார்களே, அந்தக் கடல் இந்த வரியில் இன்னும் இருக்கிறது. 'ஊர்திரை' என்கிற இடத்தில் குரலை மெல்ல நகர்த்திக் கொண்டுபோவார், எங்கள் வகுப்பில் கையை அலை மாதிரி அசைத்துக் காட்டுவார். நாற்காலிக் கைப்பிடியில் இருந்த அவர் கை தானாக அசைந்தது. 'ஆர்திரைநாள் காணாதே போதியோ பூம்பாவாய்' என்று முடிக்கிற இடத்தில் என்னையறியாமல் நானும் சேர்ந்து பாடிவிட்டேன், மூன்றாம் வகுப்பில் கத்தின மாதிரியே. எனக்கு வயது 56. பக்கத்தில் பிரதட்சிணம் வந்த ஒரு அம்மா நின்று, "இன்னொரு தடவை பாடுங்களேன்" என்றார். சார் பாடினார். இந்தத் தடவை இருமல் இல்லை.

வெளியே காரில் வைத்தே களி சாப்பிட்டார். தாளகக் குழம்பில் உப்பு ஒரு கல் கம்மி என்றார், சரிதான். சாமி புறப்பாடு வரைக்கும் இருக்கலாமா என்று கேட்டேன், மகள் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார், சாரும் களைத்திருந்தார்.

"இன்னும் மாசிக் கடலாட்டு பாக்கி" என்றார் கார் கிளம்பும்போது. "அட்டமி, ஊஞ்சல் எல்லாம் பார்த்துக்கலாம். கடைசியில பெருஞ்சாந்தி." பெருஞ்சாந்தி என்றால் கும்பாபிஷேகம் என்று அவர் பொருள் சொல்வார். இங்கே போன கும்பாபிஷேகம் 2016-இல் நடந்தது. பன்னிரண்டு வருஷக் கணக்கென்றால் 2028. அதை அவர் ஏற்கெனவே கூட்டிப் பார்த்து வைத்திருந்தார், "94 எல்லாம் ஒரு வயசா" என்றார். அப்புறம் நாற்காலியைத் தட்டிக் காட்டி, "மணல்ல இது போகுமா?"

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை மெரினாவுக்குப் போனேன். விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, மாற்றுத்திறனாளிகள் கடல் பக்கம் போவதற்காக 2022-இல் மரப்பாதை போட்டிருக்கிறார்கள், பேப்பரில் படித்ததோடு சரி, போய்ப் பார்த்ததில்லை. இரண்டு சக்கர நாற்காலி தாராளமாகப் போகிற அகலம், பக்கத்தில் கைப்பிடி, சரிவு ரொம்பச் செங்குத்து இல்லை. ஆரம்பத்திலிருந்து முடிவு வரை நடந்து பார்த்தேன். முடிவில் நின்றால் அலைச் சத்தம் நன்றாகக் கேட்கிறது. மாசி மகத்தன்று சுவாமி எந்த இடத்தில் தீர்த்தவாரிக்கு இறங்குகிறார், அங்கிருந்து இது எவ்வளவு தூரம் என்று கோயிலில் கேட்க வேண்டும். அங்கே நின்றபடியே சாருக்குப் போன் போட்டேன்.

"வண்டி போகும் சார்."

"அப்படியா? போனைக் கொஞ்சம் கடல் பக்கம் காட்டும்மா" என்றார்.