வருகை வாயிலில் ஒரு மல்லிகைப் பொட்டலம்

நேற்றிரவு பெங்களூரு விமான நிலையத்தின் வருகை வாயிலில் தங்கைக்காகக் காத்திருந்தேன்.

பக்கத்தில் நின்ற பெரியவர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்து, மல்லிகைச் சரத்தின்மேல் பாட்டில் தண்ணீரை விரலால் தெளித்து, மறுபடி மூடிக்கொண்டிருந்தார்.

"பேரனைப் பார்க்கப் போனவ, ஆறு மாசம் கழிச்சு வர்றா. பூ வாடிடக் கூடாது பாருங்க" என்றார், நான் கேட்காமலேயே.

ரிச்சர்ட் கர்ட்டிஸ் முதன்முதலாக இயக்கி 2003-இல் வெளிவந்த 'லவ் ஆக்சுவலி' திரைப்படம், லண்டன் ஹீத்ரோவின் இதே போன்றதொரு வாயிலில்தான் தொடங்குகிறது. அக்காட்சியில் கட்டித் தழுவிக்கொள்பவர்கள் நடிகர்கள் அல்லர், மறைத்துவைத்த கேமராவில் பதிவான உண்மைப் பயணிகள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஐந்து வாரங்களில் நடக்கும் அதன் கதைகளில் பாதி எனக்கு ஒட்டவில்லை. நண்பனின் மனைவியிடம் அட்டைகளைக் காட்டிக் காதல் சொல்பவனை அழகென்று எப்படித்தான் ரசிக்கிறார்களோ!

ஆனால் அதில் நடிகை எம்மா தாம்சன் இருக்கிறார். கணவனின் கோட்டுப் பையில் பார்த்த நெக்லஸ் தனக்கில்லை என்பது, பரிசுப் பொட்டலத்தைப் பிரித்து ஜோனி மிட்செலின் இசைத்தட்டைக் கண்டதும் அவருக்குப் புரிந்துவிடுகிறது. படுக்கையறையில் தனியாக நின்று அழுது, கண்ணைத் துடைத்து, கலையாத மெத்தை விரிப்பை ஒருமுறை நீவிச் சரிசெய்துவிட்டுச் சிரித்த முகத்தோடு பிள்ளைகளிடம் போகிறார். அந்த நீவலுக்காகவே ஒவ்வொரு டிசம்பரிலும் பார்க்கிறேன்.

பெரியவரின் மனைவி தள்ளுவண்டியோடு வெளியே வந்தார்.

"இந்த ராத்திரியில பூ யாருக்கு?" என்று கடிந்துகொண்டே, அந்தக் கூட்டத்தின் நடுவிலேயே திரும்பி நின்று கொண்டையைக் காட்டினார்.