கொக்குவில் வீட்டுக்கு ஆளி தெரிந்தெடுத்த கதை

ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா சென்ற முறை விடுமுறையில் வந்தபோது, பயணப் பெட்டியின் அடியில் கைபேசியால் இயக்கக்கூடிய ஆறு சுவர் ஆளிகளை (சுவிச்சுகளை)ப் பத்திரமாகச் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அம்மா தனியே இருக்கும் யாழ்ப்பாணத்துக் கொக்குவில் வீட்டின் படலை லைற்றையும் கிணற்றடி லைற்றையும் கனடாவிலிருந்தே கைபேசியால் போட்டு அணைக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் விருப்பம். அவற்றில் ஒன்றைக்கூட எங்களால் பூட்ட முடியவில்லை. ஆளிகளின் பின்புறத்தில் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ் என்று பொறிக்கப்பட்டிருந்தது. இங்கே எங்களுக்கு வருவது 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். வட அமெரிக்கச் சுவர்ப் பெட்டி ஒடுங்கி நீண்டது. எங்கள் சுவர்களில் பிரித்தானிய வழக்கப்படி பதித்திருப்பவையோ சதுரமானவை, அவற்றின் முகத்தகடு பக்கத்துக்கு 86 மில்லிமீற்றர். வெளிநாட்டில் உள்ள உறவுகள் இப்படியான பொருளை வாங்க முன்னர், இந்த இரண்டு விடயங்களையும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள். அன்போடு சுமந்து வந்த பொருள் அலுமாரியில் கிடப்பதைப் பார்க்க மனம் வருந்துகிறது.

அதன் பின்னர் யாழ் நகரக் கடைகளிலும் இணையத்திலும் தேடத் தொடங்கியபோதுதான், விலையை விட முதலில் பார்க்கவேண்டியது எங்கள் சுவருக்குள் என்ன கம்பிகள் இருக்கின்றன என்பதே என்று விளங்கியது. சாதாரண ஆளிக்கு இரண்டு கம்பிகள் போதும்: வரும் உயிர்க்கம்பி ஒன்று, லைற்றுக்குப் போகும் கம்பி ஒன்று. மின்சாரம் திரும்பிப் போகும் நொதுமல் (நியூற்றல்) கம்பி ஆளிப் பெட்டிக்கு இறங்காமல் மேலேயே லைற்றுக்குப் போய்விடும். எங்கள் வீட்டைப் போலப் பழைய வயரிங் உள்ள வீடுகளில் பெரும்பாலும் இதுதான் நிலை. ஆனால் கைபேசியால் இயங்கும் ஆளிக்குள் கட்டளையைப் பெறும் ஒரு சிறு வானலைக் கருவி எந்நேரமும் விழித்திருக்க வேண்டும். அதற்கு ஓயாமல் மின்சாரம் வேண்டும். அந்தச் சுற்றை முழுமையாக்க நொதுமல் கம்பி வேண்டும். நொதுமல் தேவையில்லை என்று விற்கப்படும் ஆளிகள், லைற் அணைந்திருக்கும்போதும் அதனூடாகவே மிகச் சிறிய மின்னோட்டத்தை இழுத்துத் தம்மை உயிரோடு வைத்திருக்கின்றன. பழைய இழைக் குமிழ்களில் அது தெரியாது. 5 வாற், 9 வாற் எல்.ஈ.டி. குமிழ்களில் அந்தச் சிறு மின்னோட்டமே போதும். அணைத்த பிறகும் மங்கலாக ஒளிரும், அல்லது விட்டுவிட்டு மின்னும். லைற்றுக்குக் குறுக்கே ஒரு சிறு கொள்ளளவியை (கப்பாசிற்றரை)ப் பூட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். பெட்டிக்குள் அந்தத் துண்டு சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

நாங்கள் முதலில் வாங்கியது நொதுமல் தேவையில்லாத கண்ணாடித் தொடுதகடு ஒன்று. கொள்ளளவியைப் பூட்டியதும் லைற் விட்டுவிட்டு மின்னுவது நின்றது. ஆனால் மூன்றாம் நாள் அம்மா சொன்ன குறை வேறு: “பிள்ளை, இருட்டுக்குள்ள கை வைச்சால் எது எந்த லைற் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?” நாற்பது ஆண்டுகளாக அந்தச் சுவரைத் தடவியே விறாந்தை லைற்றைப் போட்டவர் அவர். வழுவழுப்பான கண்ணாடியில் விரலுக்கு எந்த அடையாளமும் இல்லை. கிணற்றடியிலிருந்து ஈரக் கையோடு வந்தால் தொடுகையும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. அன்றே அதைக் கழற்றிவிட்டோம். என் தெரிவு அதோடு உறுதியாயிற்று: சுவரில் இருக்கும் ஆளி அப்படியே இருக்கவேண்டும், இணையம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது வழக்கம்போல வேலை செய்யவேண்டும், கைபேசி வசதி அதற்கு மேலதிகமாக வரவேண்டும்.

அதற்கு ஏற்றது, இருக்கும் ஆளிக்குப் பின்னால் மறைத்து வைக்கும் சிறு றிலே மொடியூல், அதாவது சமிக்ஞை கிடைத்ததும் லைற்றைப் போட்டு அணைக்கும் சிறு பெட்டி. சொனொஃப், ஷெல்லி போன்ற பெயர்களில் கிடைப்பவை தீப்பெட்டி அளவுதான். முழு ஆளித் தகட்டையும் மாற்றுவதைவிட இது செலவு குறைந்தது. பழைய ஆளி, பழைய தகடு, பழைய குமிழ் எல்லாம் அப்படியே பயன்படும். இனிச் சுவர் ஆளி லைற்றை நேரே இயக்காது. மொடியூலுக்குச் சமிக்ஞை மட்டும் கொடுக்கும். படிக்கட்டில் மேலும் கீழும் இருக்கும் இருவழி ஆளிகளோடும் இதை இணைக்கலாம். ஆனால் பொதுவாக இதற்கும் நொதுமல் வேண்டும். எங்கள் மின்வேலைத் தம்பி இதற்கு நல்ல வழி ஒன்றைக் கண்டுபிடித்தார். ஆளிப் பெட்டியில் இல்லாத நொதுமல், கூரையடியில் உள்ள இணைப்புப் பெட்டியில் இருக்கிறது. உயிர்க்கம்பியும் லைற்றுக்குப் போகும் கம்பியும் அங்கேதான் சந்திக்கின்றன. மொடியூலை அங்கே வைத்து, ஆளிக்கு இறங்கும் இரண்டு கம்பிகளையும் மின்சாரத்திலிருந்து முற்றாகப் பிரித்து, மொடியூலின் ஆளி முனைகளில் பூட்டினார். சுவரை உடைக்கவில்லை. ஆழம் குறைந்த பழைய ஆளிப் பெட்டிக்குள் எதையும் திணிக்கவும் இல்லை. ஒரு எச்சரிக்கை: எல்லா மொடியூல்களின் ஆளி முனைகளும் ஒரே வகையானவை அல்ல. சிலவற்றில் உயிர்க்கம்பியைக் கொடுக்காமல் இரு முனைகளையும் ஆளி இணைத்தால் போதும், சிலவற்றில் உயிர்க்கம்பியைக் கொடுக்கவேண்டும். வரைபடத்தைப் பார்க்காமல் பூட்டினால் மொடியூல் எரிந்துவிடலாம். பக்கத்துப் பிளக் பொயின்றிலிருந்து நொதுமலை எடுப்பதையும் சிலர் செய்கிறார்கள். அது வேறு சுற்றைச் சேர்ந்ததாக இருந்தால், ஒரு சுற்றை நிறுத்திவிட்டு வேலை செய்பவருக்கு மற்றச் சுற்றிலிருந்து மின்சாரம் தாக்கலாம். தயவுசெய்து அதைச் செய்யவேண்டாம்.

மின்வெட்டைப் பற்றி விற்பவர்கள் சொல்வதில்லை, நாங்கள்தான் கேட்கவேண்டும். 1990களில் பல ஆண்டுகள் மின்சாரமே இல்லாமல் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள் நாங்கள்; 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றதும் எவருக்கும் மறந்திருக்காது. மின்சாரம் திரும்பி வரும்போது ஆளி என்ன நிலையில் எழும்பும் என்பது மொடியூலுக்கு மொடியூல் வேறுபடும். அணைந்தபடி இருக்கும், எரியும், அல்லது முன்னைய நிலைக்குத் திரும்பும். இதைச் செயலியில் நாமே தெரிந்தெடுக்க முடிகிற ஒன்றையே வாங்குங்கள். இல்லையேல் இரவு இரண்டு மணிக்கு மின்சாரம் வந்ததும் வீட்டு லைற்றெல்லாம் ஒன்றாக எரிந்து, நித்திரையில் இருப்பவரைத் திடுக்கிட வைக்கும். நேர அட்டவணை மொடியூலுக்குள்ளேயே பதியப்படுகிறதா, இணையத்துக்கு அப்பால் எங்கோ இருக்கிறதா என்பதும் முக்கியம். உள்ளே பதிந்திருந்தாலும், மின்சாரம் போய் வந்தபின் பல மொடியூல்கள் இணையம் கிடைத்த பிறகே சரியான நேரத்தை அறிகின்றன. ஆகவே றவுட்டருக்கு ஒரு சிறிய மின்கல மாற்றுவழி இருந்தால் நல்லது.

மின்கட்டணம் குறையும் என்று எண்ணி இதை வாங்கவேண்டாம். வைஃபை மொடியூல் ஒன்று சும்மா இருக்கும்போதும் ஏறத்தாழ 1 வாற் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு 24 வாற் மணி. 9 வாற் குமிழ் ஒன்று 2 மணி 40 நிமிடம் எரிவதற்குச் சமம். பத்து மொடியூல் என்றால் மாதத்துக்கு 7 அலகுக்கு மேல். 60 அலகின் விளிம்பில் நிற்கும் வீடு அதனாலேயே அடுத்த கட்டணப் படிக்கு ஏறி, அலகு விலையும் நிலையான கட்டணமும் கூடிவிடும். அதனால்தான் வீடு முழுவதற்கும் போடாமல் படலை, விறாந்தை, கிணற்றடி, பின் வளவு ஆகிய நான்கு லைற்றுகளுக்கு மட்டும் பூட்டினோம். குசினியிலும் அறைகளிலும் கை எட்டும் தூரத்தில் ஆளி இருக்கிறது. படலை லைற் பொழுதுபட எரிந்து விடிய அணைந்தால் மட்டும் போதும் என்பவர்களுக்கு, வெளிச்சத்தை உணரும் சாதாரண ஒளியுணர் ஆளி இதைவிட மலிவு. அதற்கு இணையமும் வேண்டாம்.

வைஃபையா, சிக்பி என்ற மற்றக் கம்பியில்லா முறையா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு: நான்கைந்து லைற்றுக்கு வைஃபை போதும். சிக்பிக்கு ஒரு மையக் கருவி தனியே வாங்கவேண்டும். பத்துப் பதினைந்து ஆளிகளுக்கு மேல் போகும்போதுதான் அந்தச் செலவு நியாயமாகும். இரண்டும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையையே பயன்படுத்துகின்றன, இரண்டுக்கும் எங்கள் பழைய வீடுகளின் தடித்த சுண்ணாம்புக்கல் சுவர்கள் தடைதான். கிணற்றடி லைற்றின் இடத்தில் கைபேசியை வைத்து வைஃபை எட்டுகிறதா என்று முதலில் பார்த்துவிட்டு வாங்குங்கள். றவுட்டர் 5 கிகாஹேர்ட்ஸையும் ஒரே பெயரில் ஒலிபரப்பினால், முதன்முறை இணைக்கும்போது சிக்கல் வரலாம். அந்த நேரத்துக்கு அதை நிறுத்திவைக்கலாம். கடைகளில் பல பெயர்களில் அடுக்கியிருப்பவற்றில் கணிசமானவை துயா என்ற ஒரே தளத்தில் இயங்குபவை, பெயருக்காகக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை.

கிணற்று மோட்டரை இந்த மொடியூலில் பூட்டவேண்டாம். 10 அம்பியர் என்று அதில் எழுதியிருந்தாலும், மோட்டர் தொடங்கும் கணத்தில் இழுக்கும் மின்னோட்டம் அதைவிடப் பல மடங்கு. றிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டால் மோட்டர் நிற்காது. ஐப்பசி இடிமழைக் காலத்தில் மின்னலால் இப்படியான கருவிகள் பழுதாவதும் உண்டு. மொடியூல் பழுதானால் சுவர் ஆளியும் வேலை செய்யாது, பழைய இணைப்புக்குத் திரும்பும்வரை அந்த லைற் இருண்டே கிடக்கும்.

அதற்காகத்தான் மின்வேலைத் தம்பியும் நானும் நான்கு இணைப்புப் பெட்டிகளின் படத்தையும், எந்த நிறக் கம்பி முன்பு எங்கே இருந்தது என்பதையும் ஒரு தாளில் வரைந்து, பிரதான மின்பெட்டியின் கதவுக்கு உட்புறத்தில் ஒட்டியிருக்கிறோம். அதே தாளின் படத்தை அண்ணாவுக்கும் அனுப்பினேன். செயலியின் கணக்கை அம்மாவின் கைபேசியில் திறந்து, அண்ணாவை அதில் குடும்ப உறுப்பினராகச் சேர்த்திருக்கிறோம். ரொறன்ரோவில் காலையானதும் அவர் முதலில் பார்ப்பது, இங்கே படலை லைற் எரிகிறதா என்பதைத்தான்.