காலில் ரத்த ஓட்டம் குறைந்தவர்களுக்கு: பராமரிப்பு நாட்குறிப்பு

2024 டிசம்பர் 2

கால் தமனி (காலுக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்) அடைப்பு முற்றியவர்களிடம் ராத்திரித் தூக்கத்தைப் பற்றித்தான் முதலில் கேட்க வேண்டும். படுத்ததும் ரத்தம் பாதத்துக்குத் தானாக இறங்குவது நின்றுபோகும்; தூக்கத்தில் ரத்த அழுத்தமும் குறையும். விரல்களும் முன்பாதமும் எரியத் தொடங்கும். காலைத் தொங்கவிட்டால் வலி அடங்குவதால் பலர் நாற்காலியிலேயே தூங்கப் பழகிவிடுகிறார்கள். நாள் கணக்கில் இப்படியே போனால் பாதம் வீங்கும். வீக்கம் நுண்குழாய்களை நெருக்கும், புண் ஆறாது.

கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் 10 முதல் 15 செ.மீ. உயரத்துக்குக் கட்டை வையுங்கள். உடம்பு முழுதும் சரிவாக இருக்கும். தலையணைகளை அடுக்கினால் இடுப்புதான் மடியும், பாதம் தாழாது. வலி மாத்திரையைப் படுக்கப் போவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். அது மார்ஃபின் வகையானால் மலமிளக்கியும் முதல் நாளிலிருந்தே வேண்டும். இதை மறந்துவிடுகிறார்கள், மலச்சிக்கலுக்குப் பயந்து நோயாளி மாத்திரையையே நிறுத்திவிடுகிறார்.

டிசம்பர் 3

பாதம் சில்லென்று இருக்கிறதே என்று சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுக்காதீர்கள். சூடுபட்ட தசை கூடுதல் ஆக்சிஜன் கேட்கும். அடைத்த குழாயால் தர முடியாது. சர்க்கரையால் உணர்வும் மங்கியிருந்தால் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். தளர்வான பருத்திக் காலுறை போதும். வெரிகோஸுக்கு (காலில் நரம்பு புடைப்பதற்கு)ப் போடும் இறுக்கமான காலுறை இவர்களுக்கு ஆபத்து.

டிசம்பர் 5

கணுக்காலில் பார்த்த ரத்த அழுத்தத்தைக் கையில் பார்த்த அழுத்தத்தால் வகுத்தால் 0.9 அல்லது அதற்குக் கீழே வருவது அடைப்பு, 0.4-க்குக் கீழே கடுமையான நிலை. நெடுநாள் சர்க்கரைக்காரர்களுக்குத் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து குழாய் விறைத்துப்போவதால், அடைப்பு இருந்தும் 1.4-ஐத் தாண்டிக் காட்டலாம். அந்த எண்ணை நம்பி வீட்டுக்கு அனுப்பக் கூடாது. கால் கட்டைவிரலில் அழுத்தம் பார்க்க வேண்டும்.

டிசம்பர் 6

கருத்துக் காய்ந்த விரலை ஊறவைக்க வேண்டாம். விரலிடுக்கில் உலர்ந்த காஸ் துணி வைத்தால் போதும். நீர் கசிந்தாலோ, நாற்றமோ காய்ச்சலோ வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. கால் திடீரென வெளுத்து விரல் அசையாமல் போனால் 6 மணி நேரத்துக்குள் ரத்த ஓட்டத்தைத் திருப்பியாக வேண்டும்.

டிசம்பர் 9

பர்கர் நோய், அதாவது கை கால்களின் சிறு ரத்தக் குழாய்கள் அழற்சியால் அடைபடும் நோய், புகையிலைப் பழக்கமுள்ள இளவயதினரைத் தாக்கும். நாளுக்கு ஒன்றிரண்டு பீடி கூட நோயை உயிரோடு வைத்திருக்கும். வாயில் அடக்கும் புகையிலையும் அப்படியே. குறைத்துக்கொண்டால் போதாது, அடியோடு விட வேண்டும். முழுக்க விட்டவர்கள் கால் இழப்பது அரிது.

டிசம்பர் 11

வலியால் தூங்காமல் மாதங்களைக் கழித்தவருக்குக் காலை எடுப்பது சில நேரம் நிம்மதிதான். குடும்பத்தார் இதைத் தோல்வியாக எண்ண வேண்டாம். ஆனால் முழங்காலைக் காப்பாற்ற முடியுமா என்று அறுவை மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்தவர்களுக்குச் செயற்கைக்காலோடு நடப்பது மிக எளிது.