ஆங்கிலப் பிழை கண்டறியும் பகுதிக்குத் தமிழ் இலக்கணம் கைகொடுக்கும்

மத்திய அரசுப் பணிகளுக்கான எஸ்எஸ்சி சிஜிஎல் முதல்கட்டத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 25 கேள்விகள், 50 மதிப்பெண். தவறான விடை ஒவ்வொன்றுக்கும் அரை மதிப்பெண் குறையும். தமிழ்வழியில் படித்துவிட்டு இதற்குத் தயாராகிறவர்கள் பலர், பிழை கண்டறியும் கேள்விகளில் காதுக்கு உறுத்தாததைச் சரி என்று குறித்துவிடுகிறார்கள். ஆங்கிலம் கேட்டு வளராத காதை இதில் நம்ப முடியாது. எனக்குக் கைகொடுத்தது பள்ளியில் படித்த தமிழ் இலக்கணம்தான்.

இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: ‘வாக்கிங் அலாங் த ரோட், எ ஸ்நேக் பிட் ஹிம்.’ இதை மனத்துக்குள் ‘சாலையில் நடந்தபோது பாம்பு அவனைக் கடித்தது’ என்று வாசித்துக்கொண்டால் பிழையே தெரியாது. ‘நோ எரர்’ என்று குறிக்கத்தான் கை போகும். ஏமாற்றுவது அந்தப் ‘போது’. அது வந்துவிட்டால் நடந்தவர் ஒருவர், கடித்தது இன்னொன்று என்று இருந்தாலும் தமிழில் குற்றமில்லை. அதை எடுத்துவிட்டு ‘நடந்து’ என்று போடுங்கள். ‘சாலையில் நடந்து, பாம்பு அவனைக் கடித்தது.’ இப்போது பிழை பளிச்சென்று தெரிகிறது. நடந்தது பாம்பு என்றாகிவிட்டது.

‘நடந்து’ போன்று முடியாமல் நிற்கும் வினை, அதாவது ‘செய்து’ என்னும் வாய்பாட்டு எச்சம், தன் வினைமுதலையே (செயலைச் செய்தவரையே) கொண்டு முடிய வேண்டும் என்பது தொல்காப்பியம் சொல்லும் விதி. ஆங்கில வாக்கியம் ‘இங்’ வடிவத்தில் தொடங்கிக் காற்புள்ளி விழுந்தால், ஏறக்குறைய அதே விதிதான். காற்புள்ளிக்கு அடுத்து நிற்பவர் அந்தச் செயலைச் செய்தவராக இருக்க வேண்டும். ‘ஹி வாஸ் பிட்டன் பை எ ஸ்நேக்’ என்று பின்பாதியைத் திருப்பலாம்; ‘வைல் ஹி வாஸ் வாக்கிங்’ என்று முன்பாதிக்குத் தனி எழுவாய் கொடுக்கலாம். ‘மழை பெய்து குளம் நிறைந்தது’ என்று நாம் சொல்வது தமிழ் தரும் சலுகை. அதே பழக்கத்தில் ‘பீயிங் எ ரெய்னி டே, ஐ ஸ்டேய்ட் அட் ஹோம்’ என்பதை விட்டுவிடாதீர்கள். அங்கே மழைநாளாக இருப்பது ‘ஐ’. ‘இட் பீயிங் எ ரெய்னி டே’ என்பதே திருத்தம். ‘ஜெனரலி ஸ்பீக்கிங்’, ‘கன்சிடரிங்’ போன்ற சில தொடர்கள் மட்டும் விதிவிலக்காக நிலைத்துவிட்டன.

அடைமொழி இடம் மாறும் பிழை வேறு வகை. ‘த கிளார்க் கேவ் த ஃபைல் டு தி ஆஃபீசர் டைட் வித் எ ரெட் டேப்.’ நாடாவில் கட்டப்பட்டிருப்பது கோப்பா, அதிகாரியா? தமிழில் ‘சிவப்பு நாடாவில் கட்டிய கோப்பை’ என்று எச்சம் பெயருக்கு முன்னால் ஒட்டி நிற்கும். ஆங்கிலத்தில் இத்தகைய தொடர் பெயருக்குப் பின்னால் வருவதால், இடையில் வேறொரு பெயர் புகுந்துவிடுகிறது. ‘ஃபைல்’ என்பதை அடுத்தே ‘டைட் வித் எ ரெட் டேப்’ வர வேண்டும். ‘ஒன்லி’யும் இப்படித்தான். நம் ‘மட்டும்’ சொல்லுக்குப் பின்னால் ஒட்டும். ‘ஒன்லி’யை உரிய சொல்லுக்கு முன்னால் வைப்பதே பாதுகாப்பு.

சுட்டுப்பெயரில் தமிழ் நம்மைக் கொஞ்சம் ஏமாற்றவும் செய்யும். ‘ரவி டோல்ட் குமார் தட் ஹிஸ் பிரதர் ஹாட் ஃபெயில்ட்.’ படித்தவுடனே ‘தன் தம்பி’ என்று மனம் ரவியைப் பிடித்துக்கொள்ளும். ஐயம் எழவே எழாது. ஆங்கில ‘ஹிஸ்’ஸில் தன், அவன் என்ற வேறுபாடு இல்லை, தோற்றது குமாரின் தம்பியாகவும் இருக்கலாம். அதனால் ‘ஹி’, ‘ஹிஸ்’, ‘இட்’, ‘தே’ எதைக் கண்டாலும் அதற்கு முன்னால் பொருந்தக்கூடிய பெயர்கள் எத்தனை என்று எண்ணுங்கள். இரண்டு இருந்து, வாக்கியத்தின் பொருளும் ஒன்றை ஒதுக்கவில்லை என்றால் அங்கேதான் பிழை. ‘த பஸ் ஹிட் த வால், பட் இட் வாஸ் நாட் டேமேஜ்ட்’ என்பதில் சேதமில்லாமல் தப்பியது பஸ்ஸா, சுவரா? ‘பட் த பஸ் வாஸ் நாட் டேமேஜ்ட்’ என்று பெயரைத் திரும்பச் சொல்லும் விடை இருந்தால், கூறியது கூறல் என்று அதைத் தள்ளிவிடாதீர்கள், அதையே குறியுங்கள்.